சிஸ்டருக்குச் சிலை வேண்டாம், சாவி கொடுங்கள்

எங்கள் பகுதிக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர் அய்யாவுக்கும், செயலாளர் தம்பிக்கும், பொருளாளர் அண்ணனுக்கும், சந்தா கட்டுகிற, கட்டாத எல்லா உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நான் பேச எழுந்தபோது நேரமாகிவிட்டது என்று மைக்கை அணைத்துவிட்டீர்கள். எனக்கு வருத்தமில்லை. வடை ஆறிவிடுமே என்ற கவலை எனக்கும் இருந்தது. ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லாமல் வீட்டுக்கு வந்ததில் இருந்து நெஞ்சுக்குள் கிடந்து உறுத்துகிறது. அதனால் எழுதுகிறேன். உங்களிடம் மட்டும் தனியாகக் கொடுக்காமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. வைகைக்கு வடக்கே நம் தெருவில் நடப்பதுதான் தெற்கே ஜெய்ஹிந்துபுரத்திலும் நடக்கிறது, மேலூரிலும் உசிலம்பட்டியிலும் நடக்கிறது. படுக்கையில் விழுந்த பெரியவர் ஒருவராவது இல்லாத தெரு எங்கே இருக்கிறது?

நம் பகுதியில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்த நர்ஸ், நம் சிஸ்டர், இறந்துபோய் இன்னும் முப்பது நாள் ஆகவில்லை. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் செல்லூரிலிருந்து கோரிப்பாளையம் வரை ஒட்டியாகிவிட்டது. போஸ்டர் விஷயத்தில் மதுரைக்காரர்கள் என்றைக்குக் குறை வைத்தார்கள்! 'செவிலியர் குல மாணிக்கமே' என்று போட்டிருக்கிறீர்கள். படம் 2000-இல் அவர் பணி ஓய்வு பெற்ற அன்று எடுத்தது. உயிரோடு இருந்து அதைப் பார்த்திருந்தால், "தொப்பி கோணலா இருக்கு, எவன்டா இதப் போய் எடுத்தான்" என்று கேட்டிருப்பார். போஸ்டர் போகட்டும். மழைக்குக் கிழிந்துவிடும், இல்லையென்றால் மாடு தின்றுவிடும். நீங்கள் இப்போது தெருமுனையில் மார்பளவுச் சிலை, கருங்கல் பீடம், பெயர் பொறித்த கல்வெட்டு என்று திட்டம் போட்டு ஒன்றேகால் லட்சம் வசூலும் செய்துவிட்டீர்கள். அதில் என்னுடைய இரண்டாயிரமும் இருக்கிறது. அந்த உரிமையில் கேட்கிறேன்: சிலை வேண்டாம். வாசகசாலைக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கிற அறையைக் கொடுங்கள். அதற்குள் இப்போது இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும். உடைந்த ஸ்பீக்கர் இரண்டு, பொங்கல் விளையாட்டுக்கு வாங்கிய வடக்கயிறு, உறியடிப் பானை, கால் இல்லாத பெஞ்சு ஒன்று.

ஏன் கேட்கிறேன் என்று சொல்ல வேண்டுமானால் என் அம்மாவிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அம்மா 2004-இல் பக்கவாதத்தில் விழுந்தார். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மூக்கில் ஒரு குழாய், கீழே மூத்திரத்துக்கு ஒரு குழாய், ஒரு பிளாஸ்டிக் பை நிறைய மாத்திரை. "மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா பாலோ கஞ்சியோ ஊத்துங்க" என்றார் அங்கே ஒருவர். எப்படிப் படுக்கவைத்து ஊற்றுவது, குழாய் நகர்ந்திருந்தால் எப்படித் தெரியும் என்பதெல்லாம் யாரும் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை. நான் அப்போது தபால் ஆபீசில் வேலை பார்த்தேன். மணியார்டர் பாரத்தில் ஒரு அடித்தல் இல்லாமல் நிரப்பத் தெரிந்த எனக்குப் பெற்ற தாய்க்குக் கஞ்சி ஊற்றத் தெரியவில்லை. மல்லாக்கப் படுக்கவைத்தே ஊற்றினோம். இரண்டாம் நாள் ராத்திரி இருமல் தொடங்கியது, மூச்சு களகளவென்று கேட்டது.

எதிர்வீட்டு மதினி ஓடிப்போய் சிஸ்டரைக் கூட்டிவந்தார். அறுபது தாண்டிய பெண்மணி, கையில் மஞ்சப்பை. அம்மாவின் நாடியைப் பார்த்தார், நெஞ்சில் காது வைத்துக் கேட்டார், "ஆட்டோ கூப்பிடு, பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்" என்றார். ஆட்டோ வருவதற்குள் சமையல்கட்டில் கிடந்த மர நாற்காலியைத் தூக்கிவந்து கட்டிலின் தலைமாட்டில் தலைகீழாகக் கவிழ்த்தார். நாற்காலியின் முதுகு சரிவாக வந்து நின்றது. அதன்மேல் இரண்டு தலையணையை வைத்து, அம்மாவைக் கக்கத்தில் பிடித்து மேலே ஏற்றிச் சாய்த்தார். மூச்சு கொஞ்சம் இறங்கியது. சாய்மானக் கட்டிலுக்கு வாடகை எவ்வளவு என்று இரண்டு நாளாக நாங்கள் விசாரித்துக்கொண்டிருந்தோம். அது காலணாச் செலவில்லாமல் எங்கள் சமையல்கட்டிலேயே இருந்திருக்கிறது.

அம்மா பெரியாஸ்பத்திரியில் ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்பினார். சிஸ்டர் மறுபடி வந்தார். மூக்கு ஓரத்தில் குழாயின் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டார். "இந்தக் கோடு வெளியே நகந்து வந்துருச்சுன்னா ஒரு சொட்டு ஊத்தக் கூடாது, என்னையக் கூப்பிடு. ஊத்துறப்பத் தலை உசந்து இருக்கணும். ஊத்துன பெறகும் ஒரு மணி நேரம் அப்படியே இருக்கணும்." அவ்வளவுதான் பாடம். அதற்கப்புறம் என்னைச் செய்யச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்று பார்த்தார். ஒருமுறை இல்லை, ஐந்து நாள் வந்து நின்று பார்த்தார். அம்மா அதன்பிறகு மூன்று வருடம் இருந்தார். முதுகில் ஒரு புண் இல்லாமல் போய்ச் சேர்ந்தார்.

நான் கேட்கிற அறைக்கு இதுதான் அஸ்திவாரம். சிஸ்டர் செய்த வேலையில் பாதி, நோயாளிக்குச் செய்தது. மீதிப் பாதி, பக்கத்தில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்கிற மகளுக்கும் மருமகளுக்கும் கட்டிய கணவனுக்கும் கற்றுக்கொடுத்தது. போஸ்டரில் முதல் பாதியைத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

அவர் 1960களின் தொடக்கத்தில் நர்சிங் படித்தவர். பெரியாஸ்பத்திரிக்கு அப்போது எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று பெயர். ராஜாஜி பெயர் வைத்து எத்தனையோ வருடம் கழிந்த பிறகும் எங்கள் அப்பத்தா 'எர்சின்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். சிஸ்டர் வீடு தேடிப் போக ஆரம்பித்தது எழுபதுகளின் கடைசியில். செல்லூர் நெசவுக்காரர் ஒருவரின் தாயாருக்கு இடுப்பில் புண். வார்டில் வைத்து ஆற்றி அனுப்பியிருக்கிறார்கள். இருபது நாளில் திரும்பி வந்தபோது புண்ணுக்குள் கை முஷ்டி போகும் அளவுக்குக் குழி. "நாம ஆத்தி அனுப்புனது வீட்டுல போய் அழுகிருச்சு. அப்ப வேலை எங்க இருக்கு? அங்கயில்ல இருக்கு?" என்று எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். டூட்டி முடிந்து அந்த வீட்டுக்குப் போனால், வீடு முழுக்கத் தறி. தறி போக மிஞ்சிய இடத்தில் ஒரு பாய், பாயில் அந்த அம்மா. புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்றால் தறியை நிறுத்த வேண்டும். தறியை நிறுத்தினால் அன்றைக்கு உலை வைக்க முடியாது. இதெல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து பார்த்தால் தெரியாது. சிஸ்டர் அங்கே கண்டுபிடித்த வழி எளிமையானது. தறியில் நூல்கண்டு மாற்ற நெசவுக்காரர் எப்படியும் எழுந்திருப்பார், அந்த நேரத்தை ஆத்தாவைப் புரட்டுகிற நேரமாக்கிவிட்டார்.

வீட்டுக்குப் போய்ச் செய்கிற நர்சிங் உலகத்துக்குப் புதிதில்லை. 1859-இல் லிவர்பூலில் வில்லியம் ராத்போன் என்ற வணிகர், தன் மனைவியைக் கடைசிக் காலத்தில் பார்த்துக்கொண்ட மேரி ராபின்சன் என்ற நர்ஸையே கூப்பிட்டு, ஏழைகளின் வீடுகளுக்குப் போய்ப் பார்க்கச் சொல்லிச் சம்பளம் கொடுத்தார். மூன்று மாதம் என்று பேச்சு. ஒரு மாதத்திலேயே அந்த அம்மாள் அழுதுகொண்டு வந்து, அந்த வீடுகளின் கஷ்டத்தைப் பார்க்க முடியவில்லை, விட்டுவிடுங்கள் என்றாராம். ராத்போன் சமாதானம் சொல்லித் திருப்பி அனுப்பினார். மூன்று மாதம் முடிந்தபோது, இனி இந்த வேலையைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்றார் அதே அம்மாள். இந்தக் கதையை எங்கோ படித்துவிட்டு வந்து நான் சொன்னபோது சிஸ்டர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். "மொத மாசம் அழுகாதவள நம்பாத" என்றார்.

ஓய்வு பெற்றபோது அவருக்கு 58 வயது. அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் வெங்கடசாமி 1976-இல் இதே மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கியதும் அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகுதான். 58 என்பது மதுரையில் ஏதோ ராசியான வயசு போலிருக்கிறது. சிஸ்டர் கோழிக்கோட்டுக்குப் போய்ச் சில வாரம் இருந்து வந்தார். அங்கே 1993-இல் தொடங்கிய வலிநிவாரணச் சங்கத்தின் வேலை, பிறகு ஊர் ஊராகப் பரவி, ஆட்டோ ஓட்டுகிறவர், கல்லூரிப் பிள்ளைகள், கடைக்காரர்கள் எல்லோரும் கைகொடுக்கிற இயக்கமாகிவிட்டது. 2008-இல் கேரள அரசு அதற்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது, இந்தியாவில் அதுதான் முதல். சிஸ்டர் அங்கிருந்து கொண்டுவந்தது பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. பிரஷர் குக்கர்! பழைய பருத்தி வேட்டியைத் துவைத்து, உள்ளங்கை அகலத்துக்குக் கிழித்து, மடித்து ஒரு துணியில் கட்டி, குக்கருக்குள் தண்ணீர் படாமல் தட்டின் மேல் வைத்து அரை மணி நேரம் ஆவி காட்டினால் புண்ணுக்குக் கட்டத் துணி தயார். அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆற்றினால் புண் கழுவும் நீர் தயார். மாதம் ஆயிரக்கணக்கில் காசு செலவழித்துப் பஞ்சும் பாட்டிலும் வாங்க முடியாமல் புண்ணையே கவனிக்காமல் விட்ட வீடுகளில், அதன்பிறகு புண் தினமும் கழுவப்பட்டது. சிஸ்டரோடு சேர்ந்து வீடு வீடாகப் போகிற எங்கள் பதினோரு பேர் வீடுகளிலும் சாம்பாருக்கு ஒரு குக்கர், 'சிஸ்டர் குக்கர்' ஒன்று. மாறிப்போனால் அன்றைக்கு வீட்டில் போர்தான்.

இன்னொன்றும் அங்கே கற்றார். புற்றுநோய்ப் புண் நாறும். அந்த நாற்றம் நோயாளியை வீட்டுக்குள்ளேயே தள்ளிவைத்துவிடும். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு மெட்ரானிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவுவார். ஆனையூர்ப் பக்கம் ஒரு பெரியவர், கன்னத்தில் புண். வீட்டில் பேரன் அந்த அறை வாசலைத் தாண்டமாட்டான். ஒரு வாரம் பொடி போட்ட பிறகு நாங்கள் போனபோது, பேரன் கட்டிலில் உட்கார்ந்து தாத்தா போனில் கேம் விளையாடிக்கொண்டிருந்தான். சிஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்து செருப்பை மாட்டும்போது மட்டும், "போதும்டி இந்த மாசத்துக்கு" என்றார்.

வலி மருந்து விஷயத்தில் அவர் பட்ட பாடு தனிக்கதை. 1985-ஆம் வருடப் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து மார்பின் மாத்திரை வைத்துக்கொள்ளவே ஆஸ்பத்திரிகள் யோசித்தன. 2014-இல் சட்டத்தைத் திருத்தி விதிகளை எளிதாக்கினார்கள். ஆனால் மனசில் இருக்கிற பயத்துக்கு யார் திருத்தம் கொண்டுவருவது? "அப்பாவுக்குப் போதைப் பழக்கம் வந்துருமே" என்று ஒரு மகன் கேட்டார். அப்பாவுக்கு இன்னும் இரண்டு மாதமோ மூன்று மாதமோ. சிஸ்டர் கோபப்படாமல் பதில் சொன்ன சில தருணங்களில் அது ஒன்று.

சரி, சாமான்களுக்கு வருகிறேன். வயசானவர் போய்விட்டால் அவர் படுத்த ஏர்பெட், உட்கார்ந்த கம்மோடு நாற்காலி, பிடித்து நடந்த வாக்கர் எல்லாம் எழவு வீட்டுச் சாமான். யாரும் வீட்டில் வைத்துக்கொள்ள விரும்பமாட்டார்கள். பரணில் போடுவார்கள், பழைய இரும்புக்குப் போடுவார்கள், சிலர் தத்தனேரிச் சுடுகாட்டு வாசலிலேயே விட்டுவிட்டு வருவார்கள். ஏழாயிரம் எட்டாயிரம் கொடுத்து வாங்கி நாற்பது நாள்கூடப் பயன்படுத்தாத மெத்தை. அடுத்த தெருவில் ஒருவர் அதே மெத்தை இல்லாமல் முதுகு வெந்து கிடப்பார். சிஸ்டர் இதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார். கருமாதி முடிகிற வரை அந்த வீட்டுப் பக்கம் போகமாட்டார். முடிந்த மறுநாள் காலை போய் நிற்பார். "அவுக படுத்தது இன்னொருத்தர் முதுகக் காப்பாத்தட்டும், குடுத்துருங்க" என்பார். மறுத்தவர் அபூர்வம். கொண்டுவந்து பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் துடைத்து, மொட்டை மாடியில் இரண்டு நாள் காயவைப்பார். மதுரை வெயில் எதற்காவது உதவட்டுமே.

அப்படிச் சேர்ந்ததுதான் அவர் வீட்டுத் திண்ணையிலும் முன்னறையிலும் இன்றைக்கு இருக்கிற ஏர்பெட் ஆறு, வீல்சேர் நான்கு, வாக்கர் பதினொன்று, கம்மோடு நாற்காலி ஐந்து, சளி உறிஞ்சுகிற மெஷின் ஒன்று, கொரோனா காலத்தில் வந்துசேர்ந்த ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் இரண்டு. வாடகை கிடையாது, டெபாசிட் கிடையாது. கழுவித் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். திருப்பித் தராதவர் வீட்டுக்கு எங்களில் இரண்டு பேரை அனுப்புவார். நாங்கள் சாமானைப் பற்றிப் பேசவே கூடாது. முன்னறையில் உட்கார்ந்து காபி வாங்கிக் குடித்துக்கொண்டு, அவர்களாகக் கொண்டுவந்து கொடுக்கிற வரை ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்க வேண்டும். அதிகபட்சம் மூன்று காபிக்குள் வந்துவிடும்.

எங்களைத் 'தன்னார்வலர்கள்' என்று கூட்டத்தில் சொன்னீர்கள். அந்த வார்த்தையைக் கேட்டால் சிஸ்டருக்குச் சிரிப்பு வரும். சேர்ந்த முதல் மூன்று மாதம் யாரையும் தொட விடமாட்டார். போய் உட்கார்ந்து பேச்சுக் கேட்க வேண்டும், கால் நகம் வெட்டிவிட வேண்டும், சர்க்கரைக்காரர் என்றால் அதுவும் கிடையாது. மருந்து பற்றி வாயைத் திறக்கக் கூடாது. கையில் காசு வாங்கக் கூடாது. தனியாகப் போகக் கூடாது. பிறகு ஒருநாள் அவரே பாயில் படுத்துக்கொண்டு, "என்னையப் புரட்டு" என்பார். விரிப்பைப் பிடித்து ஒருக்களிக்க வேண்டும். புரட்டி முடித்தபின் கண்ணைத் திறக்காமலே, "என் கை எங்க இருக்கு?" என்று கேட்பார். கை உடம்புக்கு அடியில் மாட்டியிருந்தால், "பெயில்". பேச முடியாத ஆளுக்குக் கை மாட்டினால் விடிகிற வரை அப்படியேதான் கிடக்கும். நான் நான்கு முறை பெயில். இன்னொரு பரீட்சை, எங்களை மல்லாக்கப் படுக்கவைத்து ஒருத்தி இன்னொருத்திக்கு இட்லி ஊட்ட வேண்டும். படுத்த வாக்கில் விழுங்கிப் பாருங்கள், தெரியும்.

அவரைத் தெய்வமாக்க நான் வரவில்லை. வாய் பொல்லாதது. படுக்கைப்புண்ணைக் கண்டால் முதலில் அந்த வீட்டு மருமகளைத்தான் திட்டுவார், ஆரம்ப காலத்தில். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்று சொல்வது எளிது. பகலெல்லாம் வேலைக்குப் போய்விட்டு வந்த பெண், ராத்திரி இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் எழுந்து எப்படிப் புரட்டுவாள்? ஒரு மருமகள் அவரிடம் திருப்பிக் கேட்டேவிட்டாள், "நீங்க ஒரு ராத்திரி வந்து படுத்துப் பாருங்க சிஸ்டர்" என்று. போய்ப் படுத்தார். மறுநாளிலிருந்து மருமகள்களைத் திட்டுவது நின்றது, மகன்களைத் திட்டுவது தொடங்கியது. அது ஒரு முன்னேற்றம்தான். கணக்கு எழுதமாட்டார். ஆண்களைச் சேர்க்கவே மாட்டேன் என்று கடைசி வரை பிடிவாதமாக இருந்தார். அறுபது கிலோ ஆளைத் தூக்க அறுபது வயசுப் பெண்கள் நாங்கள் முதுகு பிடித்துக்கொண்டு திரிந்தோம். எல்லாவற்றுக்கும் மேலே, அந்த நோட்டை யாரிடமும் தரமாட்டார்.

நோட்டு என்றால் பள்ளிக்கூடத்து நாற்பது பக்க நோட்டு. எந்தத் தெரு, எந்த வீடு, யார் படுக்கையில், குழாய் இருக்கிறதா, கடைசியாக எப்போது மாற்றியது, மாடியா தரையா, வாசல் அகலத்தில் வீல்சேர் நுழையுமா, ராத்திரி யார் கூட இருப்பது. 2024 அக்டோபர் மழை உங்களுக்கு நினைவிருக்கும். பந்தல்குடி வாய்க்கால் நிரம்பிச் செல்லூர்த் தெருக்களில் தண்ணீர் புகுந்தது. அன்றைக்கு சிஸ்டருக்கு 82 வயது. வெளியே வர முடியாது. வீட்டில் இருந்தபடியே நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு போனில் சொல்லிக்கொண்டிருந்தார். "மூணாவது சந்து, பச்சைக் கதவு, தரையில பாய்ல கெடக்காரு, மொத அங்க போங்க. மாடி வீட்டு அம்மாச்சிக்கு அவசரமில்ல, ஆனா கரண்டு போயிருச்சுன்னா ஏர்பெட் காத்து எறங்கிரும். கெண்டைக்காலுக்கு அடியில தலகாணி குடு, குதிகால் தொங்கட்டும், மணியப் பாத்துப் புரட்டச் சொல்லு." அன்றைக்குத் தண்ணீருக்குள் இறங்கித் தூக்கியவர்களில் நம் சங்கத்து இளவட்டங்கள் பலர் இருந்தார்கள். அவர்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். யாரைத் தூக்குவது என்று அவர்களுக்குச் சொன்னது அந்த நோட்டு.

கூட்டத்தில் ஒருவர் கேட்டார், அரசாங்கத்து நர்ஸ் வீட்டுக்கே வருகிறாரே, அப்புறம் இதெல்லாம் எதற்கு என்று. நியாயமான கேள்வி. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கி, ஊர் ஊருக்கு வந்துவிட்டது. 2024-இல் ஐ.நா. விருதும் வாங்கியது. பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை வீட்டுக்கு வருகிறது, பிசியோதெரபி செய்கிறவர் வருகிறார், தீராத நோயில் கிடப்பவர்களைக் கவனிக்கிற ஆதரவுச் சிகிச்சை நர்ஸ் வருகிறார். வீடு தேடிப் போவதுதான் மருத்துவம் என்று அரசாங்கமே சொன்ன நாளில் சிஸ்டர் எங்களுக்கெல்லாம் அல்வா வாங்கிக் கொடுத்தார். ஆனால் அந்த நர்ஸ் பார்க்க வேண்டிய வீடுகள் எத்தனை என்று அவரைக் கேட்டுப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயது தாண்டியவர்கள், நாட்டின் சராசரியைவிட அதிகம். நர்ஸ் வந்து போகிற ஒரு மணி நேரம் போக மீதிப் பகலும் ராத்திரியும் வீட்டாருடையது. அந்த மீதிக்குத்தான் ஆள் வேண்டும், ஏர்பெட் வேண்டும், கற்றுக்கொடுக்க ஒரு இடம் வேண்டும்.

எழவுச் சாமானை வாசகசாலைப் பக்கம் வைப்பதா என்று இன்னொருவர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. அய்யா, பெயர் சொல்லமாட்டேன். உங்கள் தாயார் படுத்திருந்த ஏர்பெட்டில் அதற்கு முன்னால் மூன்று பேர் படுத்திருந்தார்கள்.

போன சித்திரையில், அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள், சிஸ்டர் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்று அவரே முடிவு செய்தார். அது சரியா தப்பா என்று நாங்கள் இன்னும் எங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். தான் சேர்த்த ஏர்பெட்டில் தானே படுத்தார். நாங்கள் முறை வைத்துப் போனோம். கடைசி வாரத்தில் பேச்சு ரொம்பக் குறைந்துவிட்டது. ஒருநாள் நானும் மதினியும் விரிப்பைப் பிடித்து ஒருக்களித்துவிட்டுத் தண்ணீர் எடுக்கத் திரும்பினோம். பின்னாலிருந்து மெதுவாகச் சத்தம் வந்தது. "பெயில்." ஓடிப்போய்ப் பார்த்தால் இடது கை அடியில்.

நோட்டை அதற்கு அடுத்த நாள் என்னிடம் கொடுத்தார். இப்போது அதில் இருபத்தேழு வீடு இருக்கிறது.

அவர் மகன் வெளியூரில் இருக்கிறார். வீட்டை விற்கப்போகிறார், அது அவர் உரிமை. தை பிறப்பதற்குள் சாமான்களை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். எங்கள் யார் வீட்டிலும் ஆறு ஏர்பெட்டும் பதினொரு வாக்கரும் வைக்க இடமில்லை. அந்த அறைக்கு ஒரு கதவு, ஒரு பல்பு, ஒரு பிளக் பாயிண்ட் போதும். வாசல் படியை இடித்துவிட்டுச் சரிவு போட வேண்டும், வீல்சேர் போக. ஒன்றேகால் லட்சத்தில் அதற்குப் போக மிஞ்சுகிற பணத்துக்கு ஏர்பெட் மோட்டார் இரண்டு பழுது பார்க்கலாம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை வாசகசாலை மேசையை ஓரமாகத் தள்ளி ஒரு பாய் விரித்துக்கொள்கிறோம், வீட்டில் யாராவது படுக்கையில் இருக்கிறவர்கள் வந்து புரட்டக் கற்றுக்கொள்ளட்டும். ஆண்கள் கட்டாயம் வரலாம். சிஸ்டர் இருந்தபோது மாற்ற முடியாத அந்த விதியை நாங்கள் மாற்றிவிட்டோம். கணக்கு எழுதுவோம், வருட முடிவில் பொருளாளர் அண்ணன் பார்க்கலாம். அறைக்குப் பெயர் வைக்க வேண்டும் என்று நீங்கள் ஆசைப்பட்டால் வையுங்கள், ஆனால் பலகை சின்னதாக இருக்கட்டும்.

வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மினி வேன் சொல்லியிருக்கிறோம். சாவியை யாரிடம் வாங்கிக்கொள்வது என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சிஸ்டரிடம் இருபது வருடம் திட்டு வாங்கியவள்

பி.கு.: நம் வீல்சேர் ஒன்று யார் வீட்டிலோ இருக்கிறது. நீல நிற சீட்டு, இடது சக்கரம் கீச்சென்று சத்தம் போடும். நோட்டில் பக்கம் கிழிந்திருப்பதால் வீடு தெரியவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக வாசகசாலை வாசலில் வைத்துவிட்டுப் போனாலும் சரி, நாங்கள் காபி குடிக்க வரமாட்டோம்.